அனுராதபுரத்துக்குக் கட்டிய சேலை

அனுராதபுரத்துக்குப் போகலாம் என்று எங்கள் காம்பிராவில் முதலில் சொன்னது நான்தான். அப்போது பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், வரலாறு ஒரு பாடம். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில் உட்கார்ந்து, பழைய தலைநகரான அனுராதபுரத்தில் பிக்குகள் குளித்த குளத்துக்குத் தண்ணீர் எப்படி மண் தெளிந்து வந்தது என்று மனப்பாடம் செய்கிறவளுக்குக் கால் சும்மா இருக்குமா? வருஷக்கணக்காக நடந்த யுத்தம் நின்றிருந்தது. வடக்கே போகிற வழியில் சோதனைச் சாவடி பாதியை எடுத்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கிற மாசம் வேறு. அந்த மாசத்தில் பால் வற்றும், வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். என் அம்மா பால் வெட்டுகிறவள். வருஷத்தில் அவள் விடிந்த பிறகு எழும்புவது அந்த நாட்களில் மட்டும்தான்.

ஒருநாள் டியூஷன் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகப் பொல்காவலைக்குப் பஸ் ஏறி, ரயில்வே ஸ்டேஷனில் எல்லாம் விசாரித்துவிட்டு வந்தேன். இருட்டோடு கிளம்பினால் முதல் கோச்சியைப் பிடிக்கலாம். வெயில் ஏறுவதற்குள் அனுராதபுரம். சாயந்தரக் கோச்சியில் திரும்பலாம்.

"கோச்சிக்குள்ள கக்கூஸ் இருக்குமாக்கா?" என்றாள் தங்கச்சி. அவளுக்கு அப்போது பத்து வயசு.

"இருக்கும்."

"அப்ப ஓடிக்கிட்டே போகலாமா?"

"நீ போறதுக்காகவா அதை ஓட்டுறாங்க?" என்றாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. அம்மா கோச்சியில் ஏறியதே கிடையாது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ரம்புக்கனைப் பக்கம் கோச்சி கத்துவது எங்கள் மலைக்குக் கேட்கும். அவ்வளவுதான் அவளுக்குக் கோச்சி.

நான் என் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அரண்மனை, தூபி, சந்திரவட்டக்கல் எல்லாம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் பிக்குகளின் சோற்றுக்கு வைத்திருந்த கல்தொட்டியின் படத்தைக் காட்டினேன். படகு மாதிரி நீளமான தொட்டி, ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு கொட்டுகிற தொட்டி. அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பேருக்கும் யாரு ஆக்கினது?"

"அது புத்தகத்துல இல்லம்மா."

"இருக்காதுல்ல. அடுப்பு எங்க இருந்துச்சாம்?"

"அதையும் போடல."

"போயித்தான் பாக்கணும்," என்றாள். அந்த நிமிஷத்தோடு பயணம் என் கையை விட்டு அவளுடையதாகிவிட்டது. புளிச்சோறு கட்டினால் சாயந்தரம் வரை தாங்குமா, தங்கச்சிக்கு வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் எத்தனை என்று அவளே யோசிக்க ஆரம்பித்தாள். வாசல் இஸ்தோப்பில் யாராவது வந்து நின்றால் போதும், "நாங்க அனுராதபுரம் போறோம்" என்பாள், என்னமோ பெண்ணுக்குக் கல்யாணம் என்று சொல்கிற மாதிரி.

அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. அவர் தோட்டத்து ஃபேக்டரியில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலை. சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்திக் கடையில் நின்று பேசினால் யாரும் அவரைத் தமிழர் என்று சொல்ல மாட்டார்கள். அவரும் சொல்லிக்கொள்ள மாட்டார். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பேரைப் பார்த்துவிட்டு அப்பாவை மட்டும் நிறுத்திக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துக் கிளாக்கர் போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா கேகாலையைத் தாண்டுவது அபூர்வம்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது தன் திட்டத்தைச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை வேணாம். பௌர்ணமிப் போயா அன்னைக்குப் போவோம். அன்னைக்கு நாடே அங்கதான் கும்புடப் போகும். கூட்டத்தோட கூட்டமாப் போயிட்டு வந்துட்டா எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

"நல்ல யோசனைப்பா," என்றேன். உண்மையாகவே நல்ல யோசனை என்றுதான் பட்டது.

"போயாவுக்குப் போறவங்க வெள்ளையிலதான் போவாங்க. எங்கிட்ட வெள்ளைச் சாரமும் சட்டையும் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் ஸ்கூல் வெள்ளைக் கவுன் இருக்கு. ஓங்கம்மாவுக்குத்தான் ஒண்ணு பாக்கணும்."

அம்மா சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டாள்.

"யாருக்கு?"

"ஒரு நாளைக்குத்தான்."

"நீங்க குத்துக்கல்லு மாதிரி எதிர்க்க உக்காந்திருக்கையில நான் வெள்ளை கட்டுறதா? எந்தம்பி கோடி கொண்டாந்து போடுறதுக்கு முந்தி நானே எடுத்துக் கட்டிக்கவா?"

"பொட்டையும் கோச்சி ஏறுறப்ப மட்டும் அழிச்சுட்டா..." என்று அப்பா இழுத்தார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எண்பத்தி மூணு கலவரத்துல அழிச்சேன்," என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "கல்யாணமாகி ஆறு மாசம். அழிச்சுட்டு ரப்பர் காட்டுக்குள்ள மழையில படுத்துக் கிடந்தேன். அது உசிருக்கு. இப்ப என்னாத்துக்கு அழிக்கச் சொல்றீங்க? வேடிக்கை பாக்கவா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வரல," என்று முடித்துவிட்டு அம்மா எழுந்துபோனாள்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே ஆரம்பித்தேன். கரை வைத்த வெள்ளைச் சேலை என்றேன். சந்தனக் கலர், தூரத்தில் பார்த்தால் வெள்ளை மாதிரி இருக்கும் என்றேன். "தூரத்துல பாத்தா நான் தாலியறுத்தவ மாதிரி இருப்பேன், அதானே?" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தாள். இது வெறும் நிறம், படித்தவர்கள் இதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. நல்ல வேளை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

அப்பா அவர் வழியில் போனார். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்கள அக்காவிடம் போய் ஒரு வெள்ளைச் சேலையை இரவல் வாங்கி வந்துவிட்டார். அந்த அக்கா அதை அயன் போட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்திருந்தாள். பொட்டலம் இரண்டு நாள் பெட்டியின் மேலேயே கிடந்தது. அம்மா அதைச் சுற்றி நடந்தாள், அதைச் சுற்றிக் கூட்டினாள், கை மட்டும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"கொண்டு போயிக் குடுத்துட்டு வா. நல்ல மனசோட குடுத்துருக்காங்க, சும்மா குடுக்காத. அந்த வாழப்பழச் சீப்பை வச்சுக் குடு."

கடை அக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "ஏன், அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். புருஷன் செத்தால்தான் எங்கள் ஆட்கள் வெள்ளை கட்டுவார்கள், அதுவும் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போட்டு, என்று. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ," என்றாள். "உன் அம்மா கடைக்கு வராத கிழமை கிடையாது. எனக்கு இது தெரியாதே." பிறகு ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடமே கொடுத்துவிட்டு, தான் வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகிறபோது மனசு எவ்வளவு லேசாக இருக்கும் என்று சொன்னாள். இரண்டும் ஒரே துணிதான். நான் பழத்தைத் தின்றுகொண்டே மலை ஏறினேன். ஏதோ பெரிதாகப் புரிந்தது மாதிரி இருந்தது, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நழுவியும் போய்விட்டது.

பிறகு எத்தனையோ தடவை அதை யோசித்திருக்கிறேன். அப்பா அந்த வெள்ளையை அம்மாவின் உயிருக்காகக் கேட்டார். அம்மா அப்பாவின் உயிருக்காக மாட்டேன் என்றாள். இதை இருவரிடமும் எடுத்துச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும், "பெரிய மனுசி வந்துட்டா" என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னை விரட்டியிருப்பார்கள்.

போயாவுக்கு முந்திய நாள் அம்மா புளிச்சோறு கிளறி மூன்று பார்சல் கட்டினாள். நாலாவது வாழை இலையை வாட்டி வைத்திருந்தாள், ஆனால் அதை மடித்து ஓரமாகப் போட்டுவிட்டாள். "எனக்குக் காலையில வெறகுக்குப் போகணும்," என்றாள், யாரும் கேட்காமலே. எனக்குப் பயணமே வெறுத்துப்போனது. நான் கூப்பிட்டது அவளைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அதுவும் அவள் தலையில்தான் விடியும், தன்னால் கெட்டது என்பாள்.

காலையில் அப்பா வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடக் கவுனில் நின்றோம். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அப்பா குடித்து முடித்தார். கிளம்பவில்லை. கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நேரமாச்சுப்பா," என்றேன்.

"ஓங்கம்மாவை அந்த மாம்பழக் கலர்ச் சேலைய எடுத்துக் கட்டச் சொல்லு."

அம்மாவின் காதில் விழுந்தது. "எதுக்காம்?"

"கோச்சிக்கு."

"உங்களுக்குத்தான் பயமாச்சே."

"பயந்தான்," என்றார் அப்பா. "கட்டு. நேரமாகுது."

அம்மா பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். "அப்பன்னா எனக்குத் தீபாவளிச் சட்டை!" என்று தங்கச்சி கதவைப் போட்டுத் தட்டினாள். நாலாவது பார்சலும் கட்டி, தலை வாரி, பொட்டு வைத்து அம்மா வெளியே வருவதற்குள் முதல் பஸ் போய்விட்டது, அதோடு முதல் கோச்சியும். அடுத்ததில் ஏறினோம். பெட்டி முழுக்க வெள்ளை. அதற்கு நடுவில், ஜன்னலோரத்தில், மாம்பழ நிறத்தில் என் அம்மா. ஒரு வயதான அம்மா நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அப்பா எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் யாரோ, அவர் யாரோ.

அனுராதபுரத்தில் பழைய நகருக்கு உள்ளே போகிற வழியில் சோதனை இருந்தது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒன்று. அப்பா ஒரு வார்த்தை சிங்களத்தில் சொன்னார், சாரமும் சட்டையுமாக நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார். எங்கள் வரிசையில் ஒரு பெண் காவலாளி அம்மாவின் பையைப் பிரித்தாள். பார்சலைத் தொட்டாள். நெற்றியைப் பார்த்தாள். எங்கிருந்து, யாரோடு வந்தாய் என்று கேட்டாள். சந்தியில் பேரம் பேசுகிற அளவுக்குச் சிங்களம் தெரிந்த அம்மாவுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். தாண்டிப் போனவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். "மே மகே நோனா," என்றார். இது என் மனைவி. அந்தப் பெண் வெள்ளைச் சட்டையையும் மாம்பழச் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவின் அட்டையைக் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் பேரை வாசித்தாள். நான் தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பையை மூடி, போங்கள் என்று தலையை அசைத்தாள்.

இரண்டு பக்கமும் ஆட்கள் பூவும் விளக்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா முன்னால் போகவில்லை, அம்மாவின் பக்கத்திலேயே நடந்தார்.

"பையைக் குடு," என்றார்.

"வேணாம். புளிச்சோறு எண்ணெய் கக்குது, சட்டையில படும்."

"படட்டும். குடு."