போர்மேன் இளைத்த வருஷம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒழுகுகிற தகரக் கொட்டகையில், எவனோ கழித்துப் போட்ட ஒரு லேத்தை வைத்துக்கொண்டு தொழில் ஆரம்பித்தேன். இன்று அதே இடத்தில் ஒன்பது மிஷின் ஓடுகிறது. முகப்பேரில் மாடி வீடு கட்டினேன். மகளை இன்ஜினியர் ஆக்கினேன். ‘இவன் மூன்று மாதம் தாங்க மாட்டான்’ என்று சொன்னவர்களின் பட்டறைகள் இன்று இல்லை, என்னுடையது இருக்கிறது. இதில் எவன் தயவும் கிடையாது. இவ்வளவும் பேசுகிற எனக்கு, பட்டறை வாசலில் நிற்கிற அந்த மேடைத் தராசைப் பார்த்தால் மட்டும் வாய் அடைத்துப்போகும்.

வருகிற இரும்பையும், கடைந்தது போக மிஞ்சுகிற இரும்புச் சீவலையும் நிறுப்பதற்கு வாங்கிய தராசு அது. ஆயுத பூஜை அன்று மட்டும் அதில் மனுஷர்களை ஏற்றுவோம். நான் ஏற்படுத்திய வழக்கம்தான். மிஷின்களுக்குப் பூஜை முடிந்ததும் ஒவ்வொருவராக ஏறுவார்கள்; நான் சாக்பீஸால் பக்கத்துச் சுவரில் எடையை எழுதுவேன். யார் அதிக எடையோ அவர் பூசணிக்காய் உடைக்க வேண்டும். வருஷா வருஷம் உடைத்தவர் எங்கள் போர்மேன்.

கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வருவார். மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லக்கூடியவர். அவருடைய நாலு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரில் ஒரு அடுக்கு எப்போதும் மற்றவர்களுக்கு. “லாரி வருது மாமே, வழி உடு!” என்று பையன்கள் கிண்டல் செய்தால், “நீங்கள்லாம் ஒடச்சா பூசணிக்காவே சிரிக்கும்டா” என்பார். நானோ மத்தியானம் ஒரு டீ, ஒரு பன்னோடு நிறுத்திக்கொள்கிறவன். சின்ன வயதில் பட்டினி கிடந்ததாலோ என்னவோ, பசியை அடக்குகிறவன்தான் ஆம்பளை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. தொப்பையைப் பார்த்தால் சோம்பேறித்தனம் என்று நினைப்பேன். அந்தத் தொப்பைக்காரர்தான் என் பட்டறையை நிமிர்த்தினார் என்பது கண்ணெதிரே இருந்தும் உறைக்கவில்லை.

ஒரு ஆயுத பூஜைக்கு அவர் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். அவர் தராசில் ஏறி நின்றார். “மிஷினுக்கு வாங்குற எண்ணெயெல்லாம் இவரே குடிச்சிடுறாரு போல!” என்று நான் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்துவிட்டு, தரையைப் பார்த்தார். அன்று போர்மேன் பூசணிக்காயை உடைத்துவிட்டு, கேரியரைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கிளம்பினார்.

விடுமுறை முடிந்து வந்தபோது கையில் கேரியர் இல்லை. கேட்டதற்கு, “ஒடம்ப கொறைக்கிறேன் மொதலாளி” என்றார். எனக்கு ஒரே பெருமை. நாலைந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாக, அப்புறம் வேகமாக இளைத்தார். பேண்ட் நிற்காமல் போக, எங்கள் டிரில்லிங் மிஷினிலேயே பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டார். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு இன்னும் ஒன்று. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். அடிக்கடி வெளியே போய் வந்தார். “மிஷின் நிக்குது, நீ எங்கய்யா போயிட்டுப் போயிட்டு வர்ற?” என்று அதற்கும் நான் திட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜையில் தராசு முள் பாதி வழியிலேயே நின்றது. எடையைப் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். லேத்துக்கு வாங்கிய மாலையை அவர் கழுத்தில் போட்டு, “பாருங்கடா, மனுஷன்னா இவன்!” என்றேன். கை தட்டினோம். அவர் தராசின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை அன்று பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் பக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த டர்னர்தான் முதலில் நாற்றத்தைக் கண்டுபிடித்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு இரும்புச் சீவல் பாதத்தில் ஏறி, புண் அழுகியிருந்தது. போர்மேனுக்கு வலியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை; ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. “இப்படி வேகமா எளைச்சிருக்காரே, கூட இருந்தவங்க யாரும் ஏன்னு கேக்கலையா?” என்றார் டாக்டர். கைதான் தட்டினோம் என்று எப்படிச் சொல்வது? முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கோவில்பதாகைக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “இன்னா மொதலாளி, இப்ப தராசுல ஏத்தினா இன்னும் கொறஞ்சிருப்பேன் இல்ல?” என்று சிரித்தார். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். பிறகு போர்மேன் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: “பசிக்கிதுன்னு சொல்றதுக்கே வெக்கமா பூட்ச்சு மொதலாளி. அப்பால மயக்கம் வருதுன்னு சொல்றதுக்கும் வெக்கம்.” இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, போய்விட்டார்.

இப்போது எனக்கும் சர்க்கரை. ஆரம்பத்தில் என் பழைய புத்தியையே காட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். முகப்பேர் பார்க்கில் இளவட்டங்களோடு போட்டி போட்டு நடந்தேன். காலையும் மாலையும் எடை மிஷினில் ஏறினேன். ஒரு நாள் நடக்கிற இடத்திலேயே கண் இருட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ‘என்னாச்சு தாத்தா?’ என்று ஒரு பெண் கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது. போர்மேனின் அந்த வெட்கம்தான் அது என்று அப்போதுதான் புரிந்தது. “மயக்கமா வருதும்மா” என்று சொன்னேன். அறுபது வயதுக்கு மேல் நான் கற்றுக்கொண்ட வார்த்தை அது.

இன்று பட்டறையில் ஒரு மணிக்கு எல்லா மிஷினும் நிற்கும். சாப்பாட்டு அறை கட்டியிருக்கிறேன். நானும் அவர்களோடுதான் சாப்பிடுகிறேன். சோறு குறைவு, கீரையும் காயும் நிறைய, ஆனால் வயிறு நிறைய. முழங்கால் போதும் என்று சொல்கிற வரை நடக்கிறேன். யாராவது இளைத்து வந்தால் ‘சூப்பரா ஆயிட்டே’ என்று சொல்வதில்லை. ‘ஒடம்பு எப்படி இருக்கு?’ என்றுதான் முதலில் கேட்கிறேன். இதெல்லாம் போர்மேன் போய்ச் சேர்ந்த பிறகு வந்த அறிவு. அவருக்கு ஒரு கவளமும் உதவவில்லை.

பட்டறையை இப்போது பார்த்துக்கொள்வது என் மகள். சாப்பாட்டு அறையில் போர்மேன் படத்தை மாட்டி, கீழே அவர் நினைவாக என்று ஒரு பலகை வைக்கப் போகிறாள். என் பங்கும் அதில் வர வேண்டும் என்றேன். “கட்டினது நீங்கதானேப்பா, உங்க பேரையும் போட்டுடலாம்” என்றாள். நான் கேட்டது அதை இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், தராசுக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டுக் காட்டினேன். எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. இரண்டு கோடு போட்ட இடம் எனக்குத் தெரியும். இந்தப் பட்டறையில் எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இதையும் நான்தான் செய்தேன். அவளிடம் சொன்னேன்: அவரைத் தராசில் ஏற்றிச் சிரித்தது முதலாளி, இளைத்ததற்கு மாலை போட்டது முதலாளி என்று எழுது. அந்த வரி இல்லாமல் அவர் படம் அங்கே ஏறக் கூடாது.