மிரியம் அம்மா மூடவிடாத கதவு

மிரியம் அம்மா வெள்ளிக்கிழமை இரவே போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தது சனிக்கிழமை பொழுதுபட்ட பிறகுதான். வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாள் முடியும்வரை அவர் வீட்டில் யாரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். "அம்மா போயிட்டா, ரவி. உமக்கு முதல் சொல்லவேணும் எண்டு நினைச்சன்," என்றார் மகன். அவர்கள் பேசுவது ஆங்கிலம். என் காதில் நிற்பது எங்கள் பேச்சு, அப்படியே எழுதுகிறேன். பதினான்கு வருடமாக அவர்களுடைய யூதச் செபக்கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டித் திறப்பவன் நான். கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து உங்கள் சின்னப் பிள்ளைகளை அங்குள்ள கார்டெரியில், அதுதான் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், கொண்டுவந்து விடும் உங்களுக்கு அவரைத் தெரியும். கதவடியில் ஊன்றுகோலோடு இருந்து, பிள்ளையின் சப்பாத்து வலம் இடம் மாறியிருந்தால் உங்களை ஏசுவாரே, அவர்தான். ஆனால் அந்தக் கார்டெரி அங்கே வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அவர்கள் விளக்கைப் போடக்கூடாது. போடச் சொல்லி வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளி எனக்கு இது எங்கே தெரியும்? மிரியம் அம்மா என்னைப் பார்த்து, "உள்ளுக்குச் சரியான இருட்டு," என்றார். "ஓம், சரியான இருட்டுத்தான்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். முழுச் சபையும் இருட்டிலேயே செபத்தை முடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் இருட்டு எண்டால் நீர் சுவரிலை இருக்கிற சுவிச்சைப் பாரும்," என்றார். வேறொருவராக இருந்தால் என் வேலை போயிருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன், சபையில் ஆட்கள் குறைந்து அவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்க முடியாத நிலை வந்தது. எதிர்காலத்தைத் திட்டமிட ஒரு குழுப் போட்டார்கள். மிரியம் அம்மா தலைவர். கட்டடத்தை விற்றுவிட்டுப் தூரத்தில் பியர்ஃபோன் பக்கம் இருக்கும் சபையோடு சேர்வது ஒரு வழி. ஆனால் ஓய்வுநாளில் அவர்கள் வாகனம் ஏறமாட்டார்கள். நடந்து வருகிற வயதானவர்கள் அதன்பிறகு வீட்டோடு கிடக்கவேண்டியதுதான், மிரியம் அம்மாவும் சேர்த்து. மண்டபத்தின் பின்பாதியைக் கார்டெரிக்குக் கொடுத்துவிட்டு இங்கேயே இருப்பது மற்ற வழி. அதற்குப் பின்பாதியில் ஆட்கள் இருக்கும் நீள வாங்குகளைக் கழற்றவேண்டும்.

எல்லோருக்கும் இரண்டாவது வழிதான் விருப்பம். கழற்றத்தான் ஒருவரும் விடவில்லை. ஒவ்வொரு வாங்கிலும் பித்தளைத் தகட்டில் யாரோ ஒருவரின் தகப்பன் பெயர். "அது அப்பா இருந்த இடம்," என்பார் ஒருவர். அத்தோடு கூட்டம் கலையும். யோசனைகளை எழுதிச் சுவர் முழுக்கக் கலர் கலராகத் தாள் ஒட்டினார்கள், நான் கோப்பி ஊற்றினேன், ஒரு ஆணிகூட அசையவில்லை.

ஒரு ஞாயிறு, கூட்டத்தின் நடுவில், "ரவி, ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வாரும்," என்றார் மிரியம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுக் கேட்கலாம்தானே! தன் கணவரின் வாங்கைக் காட்டி, "முதல் இதைக் கழற்றும்," என்றார். அந்த மனிதர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கழற்றத் தொடங்கினேன். "அவர் இருந்தது வாங்கிலை இல்லை, எங்களோடை," என்று சொல்லி, தகட்டை மட்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, அதுவரை மல்லுக்கு நின்ற ஒருவர் எழுந்து வந்து வாங்கின் மற்ற நுனியைப் பிடித்தார். பின்னேரத்துக்குள் பின்பாதி வெறுமையாகிவிட்டது. மிரியம் அம்மாவை நான் வீட்டுக்குக் கூட்டிப்போகும்போதுதான் அவர் அழுதார், நான் பார்க்காத பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த நெஞ்சுரம் எனக்கு வராது.

இப்போது அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கதவு. மாரிக் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெள்ளி மாலைச் செபம் தொடங்கும்போது பிள்ளைகள் இன்னும் அங்கேதான் துள்ளிக்கொண்டிருப்பார்கள். போன மாதம் அப்படியொரு வெள்ளி, மிரியம் அம்மா என்னைப் பார்த்து, "சரியான சத்தம்," என்றார். இத்தனை வருடப் பழக்கம், எனக்கா விளங்காது? ஓடிப்போய்க் கதவை மூடப் போனேன். ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"ஏன் மூடுறீர்? இந்தச் சத்தத்துக்குத்தானே நாங்கள் இவ்வளவு பாடுபட்டனாங்கள்!"

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் திறந்த கதவுதான். நேற்று, அவர் இல்லாத முதல் வெள்ளி. செபம் தொடங்கும் நேரம், சபைக்குப் புதிதாக வந்த ஒருவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரியான சத்தம்," என்றார்.

எனக்கு நன்றாக விளங்கியது. "ஓம், சரியான சத்தம்தான்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.