கரீம் பாட்சாவின் கட்டைவிரல்

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் கரீம் பாட்சாவின் வலது கட்டைவிரல் தன்னால் தொடையில் அழுந்தும். பம்பாய் லோக்கல் ரயிலை ஓட்டுகிற மோட்டார்மேன் அவர். பதினெட்டு வருட சர்வீஸ். "இந்தா, வீட்டுக்குள்ளயும் வண்டி ஓட்டுதாவ!" என்று மனைவி சபுரா சிரிப்பாள். 1986 மழைக்காலம் வரைக்கும் தாராவியின் அந்தச் சின்ன வீட்டில் அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

முந்தின வருடம் சோதனைக்கென்று சில வண்டிகளில் ஒரு பஸ்ஸர் பொருத்தியிருந்தார்கள். எதிரே வரும் சிக்னல் பச்சையாக இல்லாவிட்டால் அது கத்தும். நான்கு விநாடிக்குள் பட்டனை அழுத்தினால், மோட்டார்மேன் சிக்னலைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். மண்ணாங்கட்டி! மஞ்சளுக்கும் கத்தும், சிவப்புக்கும் கத்தும், இரண்டுக்கும் ஒரே குரல். காலை நெரிசலில் வண்டிக்குப் பின்னால் வண்டி ஊர்ந்து போகும்போது வழி நெடுக மஞ்சள்தான். ஒரு டிரிப்பில் அறுபது தடவை கத்துகிற ஒன்றை எந்த மனிதன் அறுபதாவது தடவையும் காது கொடுத்துக் கேட்பான்? விரல்தான் கேட்கும்.

ஜூலையில் ஒரு காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸர் கத்தியது, விரல் அழுத்தியது. கரீம் பாட்சா கூர்ந்து பார்த்தபோது, முன்னால் நின்ற வண்டியின் பின்புறம் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. "யா அல்லா!" என்று பிரேக்கை இழுத்துப் பிடித்தார். பிரேக் பிடித்ததால் மோதல் சிறிதாகப் போயிற்று. ஆனாலும் பதினொரு பேருக்குக் காயம், ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கை முறிந்தது. அவரை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள்.

அதைக் கண்டித்து மறுநாள் மோட்டார்மேன்கள் அத்தனை பேரும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அம்பர்நாத்காரன் வீட்டிலேயே உட்கார்ந்தான், காட்கோபர்க்காரன் தண்டவாளத்தில் நடந்தான். கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம் மோட்டார்மேன்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டியது. தன்னால் ஒரு ஊரே அவதிப்படுகிறதே என்று கரீம் பாட்சாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கத்துத் தலைவர் தங்கபாண்டி வந்தார். "பாய், நாளைக்கு விசாரணை. பிரேக் புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சிவப்பப் பாக்கலன்னு சொன்னீங்க, வேலை காலி."

"பிரேக் புடிச்சுதே, தங்கபாண்டி."

"அது உங்களுக்கும் அல்லாவுக்கும் தெரிஞ்சா போதும்."

பிரேக் பிடிக்கவில்லை என்றால், அதைச் சரிபார்த்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். சரிபார்த்தவன் இசக்கி, ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் ஃபிட்டர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன், வருஷா வருஷம் சபுரா கையால் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிப்பவன்.

அன்று சாயங்காலம் இசக்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். உள்ளே குக்கர் விசில் அடித்தது. கரீம் பாட்சாவின் கட்டைவிரல் அழுந்தியது. சபுராவும் சேர்ந்து மூன்று பேரும் அந்த விரலையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

இசக்கி போன பிறகு சபுரா சொன்னாள்: "நீங்க பாக்கதுக்கு முந்தி ஒங்க வெரலு அழுத்திட்டுல்லா. அதையே போய்ச் சொல்லுங்க."

"வேல போச்சுன்னா?"

"போவட்டும். நாளைக்கு இசக்கி மூஞ்சில முழிக்கணும்லா."

விசாரணை அதிகாரி பிரம்மநாயகம் மாட்டுங்காக்காரர், கறாரான மனிதர். "வெரல் தானா அழுத்திடுத்தா? கதை நன்னா இருக்கு, பாட்சா."

"ஒரு காலைல வண்டியில வாங்க சார். பட்டன நீங்க அழுத்துங்க."

தங்கபாண்டிக்குத் தலைக்கேறிய கோபம், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவில்லையே என்று. ஆனால் மனுஷன் கெட்டிக்காரர், சட்டென்று அதையே பிடித்துக்கொண்டார். "சார் ஏறினா நாங்களும் ஏறுவோம்" என்றார். ஸ்டிரைக் அப்படித்தான் முடிந்தது.

மறுநாள் வேறொருவர் ஓட்ட, பிரம்மநாயகம் பட்டனுக்குப் பக்கத்தில் நின்றார். கரீம் பாட்சா பின்னால். முதல் இருபது தடவை அதிகாரி எட்டிப் பார்த்து, "மஞ்சள்" என்று உரக்கச் சொல்லி அழுத்தினார். முப்பதுக்கு மேல் சொல்வதை விட்டார். நாற்பதுக்கு மேல் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பஸ்ஸர் கத்தியது, அழுத்தினார், பேச்சு நிற்கவில்லை.

"சார், இப்ப என்ன கலர்?" என்றார் கரீம் பாட்சா.

பிரம்மநாயகம் அப்போதுதான் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். ஓட்டியவர் அதற்குள் பிரேக்கைப் பிடித்துவிட்டார். வண்டி சிவப்பு விளக்குக்கு முன்னால் நின்றது.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கரீம் பாட்சாவின் வேலை தப்பியது. ஆனால் மெயின் லைன் போயிற்று. இனி யார்டில் காலி வண்டிகளைத்தான் நகர்த்தவேண்டும். தங்கபாண்டி வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மோட்டார்மேனின் கவனக்குறைவு. பிரேக்கில் குறை இல்லை. வாசற்படியில் இருந்த இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். சிவப்புக்குத் தனிச் சத்தம் வேண்டும். பட்டனை அழுத்தினாலும் சிவப்பில் வண்டி நிற்கவேண்டும். கடைசியில் பிரம்மநாயகம் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "பார்க்காமல் நானும் அழுத்தினேன்."

அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் கரீம் பாட்சா.