பாட்டுப் போடாத பூமிநாதன்

ஏர்வாடியில் ஒரு கல்யாண வீட்டில் கேமராவும் தோளுமாக நின்றபோது போன் வந்தது. எடிட்டர் பூமிநாதன், என் அண்ணன் மகள் கனகாவின் புருஷன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டான். ஸ்டூடியோ நண்பர்களே, அன்றைக்கும் நான் கேமராவை இறக்கவில்லை. பந்தி வரைக்கும் எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சந்திரனில் கல்யாணம் நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். முன்பொரு தடவை வாலிநோக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பிவைக்கிற நேரம் பார்த்து என் கேமரா பேட்டரி செத்தது. போனில் எடுத்துச் சமாளித்தேன். எடிட்டிங்கில் ஏற்றினால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. அந்தப் போன் பதிந்த ஒலி வகை எங்கள் மென்பொருளுக்கு ஆகவில்லை.

"பாட்டப் போட்டு மூடுங்க மாப்ள" என்றேன் பூமிநாதனிடம். நம் தொழிலின் வேதமே அதுதானே.

"மாமா, அந்த மனுசன் வாயத் தொறந்து என்னமோ சொல்றாரு. அதுமேல பாட்டப் போட நீங்க யாரு?"

சத்தத்தைத் தனியாகப் பிரித்தான். மென்பொருள் ஏற்கிற வேவ் ஒலிக் கோப்பாக மாற்றிப் படத்துக்கு அடியில் வைத்தான். உதடு முந்தியது, சத்தம் பிந்தியது. நகர்த்தி நகர்த்திச் சேர்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கிற தகப்பன் மகளிடம் சொன்னது கேட்டது: "ஏத்தா, அங்கன போயி பசிச்சா கூச்சப்படாமக் கேட்டுச் சாப்பிடு."

இதற்கு ஒரு பகலா என்று ஏழு கடல் தாண்டிய டீக்கடைகளிலும் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஊமைக் கிளிப்புகளையெல்லாம் அவன் தலையில் கட்டினோம். எப்படிச் சரிசெய்கிறான் என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காட்ட நினைவுப் படம் நான்தான் செய்தேன். அவன் பேசுகிற ஒரே கிளிப்பைக் கனகா தன் போனிலிருந்து அனுப்பியிருந்தாள். ஏற்றினேன், ஊமை. போனில் ஒருதரம் போட்டுக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. சோகப் பாட்டைப் போட்டு மூடினேன்.

திரையில் அவன் வாயசைத்ததும் கனகா எழுந்தாள்.

"சித்தப்பா, எங்கிட்ட பேசுறாக. உங்க படத்துல மட்டும் அவுக வாய ஏன் அடச்சிய?"

பந்தல் நிறைய ஸ்டூடியோக்காரர்கள். அவள் போனை உயர்த்திப் பிடித்து அந்தக் கிளிப்பைப் போட்டாள்.

"கனகா, ஒஞ் சித்தப்பாவுக்குக் கண்ணு மட்டுந்தான், காது கெடையாது. நான் செத்தாலும் பாட்டுத்தான் போடுவாரு, பாரு."

பிறகு அவன் சிரிப்பு.

அவன் ஒரு பகலில் முடிக்கிற வேலையை, அந்தக் கிளிப்புக்குச் சத்தம் சேர்ப்பதை, நான் நாலு நாள் தடவித் தடவிச் செய்தேன். இப்போது அந்தப் படத்தில் பாட்டு இல்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஏச்சுதான். சிரிப்பு முடிகிறவரை ஒரு நொடிகூட வெட்டாமல் வைத்திருக்கிறேன்.