எல்லோரும் சொன்ன ஒரே பெயர்

கிளைவ் தெருவில் நான் வேலை பார்த்த சணல் கம்பெனிக்கு ஒரு வருஷம் லண்டனிலிருந்து ஒரு துரை வந்து சேர்ந்தார். சணல் வாங்கவோ விற்கவோ வந்தவர் அல்ல. ஆபீஸில் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று ஆராய வந்தவராம். இதற்கு ஒரு கப்பல் பயணமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரம் மந்தம், டைப்பிஸ்ட் அறையில் ஓர் ஆளைக் குறைக்கப் போகிறார்கள், யாரை என்று இந்தத் துரைதான் எழுதிக் கொடுப்பார் என்று ஹெட் கிளார்க் காதோடு காதாகச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த ஹெட் கிளார்க் வங்காளி, எங்களுக்கு அவர் ‘பொரோ பாபு’, அதாவது பெரிய பாபு.

டைப்பிஸ்ட் அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். அதில் கும்பகோணத்துக்காரர் ஒருவர். அவர் டைப் அடிப்பது கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி இருக்கும். அவ்வளவு நிதானம். போகிற தலை அவருடையதுதான் என்று எல்லோரும் பயந்தோம். அந்த வருஷத் துர்கா பூஜை விடுமுறைக்குத்தான் மனைவி குழந்தைகளை அழைத்து வந்து பவானிபூரில் குடி வைத்திருந்தார்.

ஆனால் அவர் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது. எனக்கு மூக்கின் மேல் கோபம். பொரோ பாபுவோடு வாரத்துக்கு ஒரு சண்டை உண்டு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பக்கமிருந்து டைப் அடிக்க ஒரு தாளும் எங்களுக்கு வராது. இவர் எழுந்துபோய், அண்ணா என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘தாதா’வில் தொடங்கி வங்காளியில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வருவார். தாள்கள் பின்னாலேயே வரும். யாருக்காவது ஜுரம் என்றால் அவன் வேலையைப் பேசிப் பேசியே எங்களுக்குள் பங்கு போட்டுவிடுவார்.

துரை முதலில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் எங்களைப் போன்ற உத்தமர்கள் உலகத்திலேயே கிடையாது. இருமக்கூட யோசித்தோம். பார்த்தால் உண்மை வராது என்று அவருக்கே தெரிந்துவிட்டது போலும். பிறகு ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: யார் இல்லாவிட்டால் இந்த அறையில் வேலை நின்றுபோகும்? பதிலை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பு வேறு. துரை சொன்னால் சொன்னதுதான். வீட்டில் பெண்டாட்டியிடம்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அறிக்கையைச் சுருக்கெழுத்தில் எழுத என்னையே கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனேன். அறையில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்; அதுவும் இருப்பதிலேயே மெதுவான ஆளின் பெயரை; ஆகவே இது முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்ட பதில். அந்த ஆள் மட்டும் நேர்மையாகப் பேசினார். தன்னைத் தவிர மற்ற எல்லோரும் தேவை என்றார். அவர் சொன்னபடியே அவரையே குறைக்கலாம். பென்சிலை வைத்துவிட்டு, நாங்கள் ஒருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நீ அப்படித்தான் சொல்வாய் என்றார் துரை, கோபமே இல்லாமல். எனக்கு அழுகை வந்தது. மிச்சத்தையும் எழுதினேன்.

கும்பகோணத்துக்காரரை வழியனுப்ப ஹவுரா ஸ்டேஷனுக்குப் போனேன். மெட்ராஸ் மெயிலில் மனைவியையும் குழந்தைகளையும் உட்கார்த்திவிட்டு அவர் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றார்.

“ஏன் ஓய் அப்படிச் சொன்னீர்?” என்றேன்.

“வேற என்னங்காணும் சொல்றது? நான் இல்லேன்னா ஆபீஸ் நின்னுடும்னு ஒருத்தன் தன் வாயாலே சொல்லிப்பானா?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் இவர் பெயரைத்தான் சொன்னோம், ஒருவர் பாக்கி இல்லை என்று கத்தியே சொன்னேன். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார்.

“எல்லாருமா? அப்படின்னா பேசி வெச்சுண்டுதான் சொல்லியிருக்கேள், ஓய்.”