பள்ளம் வந்தால் பாஸ்

யோகேஸ்வரியோடு வெளியே கிளம்பினால் பாதி வழியில் திரும்ப வேண்டியிருக்கும். ஆபீஸைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, படியிறங்கி, பஞ்சு மார்க்கெட் வரைக்கும் வந்த பிறகு, "அண்ணே, ஃபேன அணைச்சமா?" என்பாள். கரண்ட் இல்லாத நாளிலும் இதைக் கேட்டிருக்கிறாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அந்தக் குணத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஈசிஜி மெஷின் எடுப்பதைக் கம்ப்யூட்டரில் காட்டி, காகிதத்தில் அச்சிடும் மென்பொருளைச் செய்கிறோம். எழுதுகிறவன் நான், பாண்டிச்செல்வம். சோதிக்கிறவள் அவள். நான் எழுதியது எங்கே உடையுமோ என்று நாள் முழுக்கப் பயப்படுவது அவளுடைய உத்தியோகம்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஆளைப் படுக்கப்போட்டு நெஞ்சில் ஒயர் ஒட்ட முடியுமா? அதற்காக ஒரு பொய் மெஷின் செய்தேன். அதுவும் மென்பொருள்தான். ஓடவிட்டால், யுஎஸ்பியில் நிஜமாகவே ஒரு ஈசிஜி மெஷின் செருகியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். அதற்குக் கொடுக்க ஒரு இதயத்தின் பதிவு மட்டும் வேண்டியிருந்தது. போன வருஷம் ஒரு மெஷினை இரவல் வாங்கி வந்து, மேஜை மேல் நானே படுத்தேன். அந்தப் பதிவுக்கு 'நார்மல்' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

அதிலிருந்து என் இதய அலை அவளுக்கு மனப்பாடம். பொய் மெஷினைப் பாதியில் பிடுங்குவாள், மறுபடி செருகுவாள், தகவலைத் துண்டு துண்டாக அனுப்புவாள். அலை சிதையாமல் வந்ததா என்பதற்கு அவளிடம் ஓர் அடையாளம் இருந்தது. ஒவ்வொரு உச்சிக்குப் பிறகும் என் அலையில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அது தெரிந்தால் சோதனை பாஸ். "பள்ளம் வந்தாச்சு, பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பயத்துக்குப் போவாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போய், புது மென்பொருளைப் போட்டுவிட்டு வந்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவள் கையை வைக்கவில்லை.

"அண்ணே, பொய் மெஷின நிப்பாட்டுனேனா?"

"எங்க?"

"கிளினிக்லண்ணே. அங்க ஈசிஜி எடுக்கிற ராம்கிக்கு ஓட்டிக் காட்டுனேன். வரும்போது பிரிண்டர பாத்தேன், யுபிஎஸ்ஸ பாத்தேன், பை ஜிப்பக்கூட பாத்தேன். இத நிப்பாட்டுன ஞாபகமே வரல."

"நிப்பாட்டியிருப்ப. சோத்தத் தின்னு."

"நிப்பாட்டலன்னா? அது ஓடுற வரைக்கும் நிஜ மெஷின கம்ப்யூட்டர் கண்டுக்கிடாதுல்ல? நெஞ்சு வலின்னு யாராவது வந்து படுத்தா, உங்க அலைதான வரும்? அதப் பாத்துட்டு, நல்லாருக்கிய, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிருவாவ."

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த நான் டிபன் பாக்ஸை மூடினேன். ராம்கிக்குப் போன் போட்டோம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கிளினிக் நம்பரிலும் யாரும் எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பின்னால் அவள் புலம்பல் ஓயவில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா காட்டுக்குள்ள இருக்க அய்யனார் கோவிலுக்கு நடந்தே வாரேன்னு வேண்டிக்கிட்டேன்."

"மலையில மழை பெஞ்சா ஃபாரஸ்ட்காரன் கேட்டப் பூட்டிருவான். அதையும் சேத்து வேண்டிக்கோ."

கிண்டல் செய்தேனே தவிர, எனக்கும் அதே கவலைதான். லாரியை முந்தவே பயமாக இருந்தது.

கிளினிக் மாடியில் இருக்கிறது. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அதைக் கண்டதும் அவள் இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். நான் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நாளாகவே படியேறினால் இப்படித்தான். இந்தத் தொப்பைக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கான்சாபுரத்து வெள்ளத்தாய். மகள் அங்காளம்மாள் அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். "நெஞ்சு கரிக்குதுன்னுதான் வந்தேன் தாயி. என்னைய எங்க தூக்கிட்டுப் போறிய?" என்று வெள்ளத்தாய் எல்லாரையும் கேட்டார். டாக்டர் நௌஷீன் கையில் ஈசிஜி காகிதத்தோடு, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனில் அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

யோகேஸ்வரி நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். பொய் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் என்ன என்று என் புத்தி போனது. அவள் புத்தி அப்படிப் போகவில்லை.

"டாக்டர், அது இந்தம்மாவோட ஈசிஜி இல்ல. நான் சோதனைக்கு ஓடவிட்டு மறந்துட்டுப் போனது."

டாக்டர் திட்டிய திட்டுக்கு நாங்கள் தலையே தூக்கவில்லை. வாங்க வேண்டியதுதான், வாங்கிக்கொண்டோம். யோகேஸ்வரி பொய் மெஷினை நிறுத்தினாள். ராம்கி வெள்ளத்தாய்க்கு மறுபடி ஈசிஜி எடுத்தான். காலையிலிருந்து ஈசிஜி எடுக்க வந்ததே அவர் ஒருவர்தானாம். புதுக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்த டாக்டர், "உங்களுக்கு இதயத்துல ஒண்ணும் இல்லம்மா, வெறும் வாயுதான்" என்றார். அங்காளம்மாள் செருப்பைக் கீழே வைத்தாள். ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. யோகேஸ்வரி தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் எனக்குப் பசியே வந்துவிட்டது.

டாக்டர் பழைய காகிதத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அப்ப இது யாரோடது?"

"சும்மா சாம்பிள் டாக்டர். நார்மல்" என்றேன்.

"நார்மலா? நார்மலா இருந்தா நான் ஏன் ஆம்புலன்ஸக் கூப்பிடுறேன்?" பேனா முனையை அலையின் மேல் வைத்தார். "உச்சிக்குப் பிறகு இந்தப் பள்ளம் தெரியுதா? இது இருக்கவே கூடாது. இந்த ஆளோட இதயத்துக்கு ரத்தம் சரியாப் போகலன்னு அர்த்தம். யார் இவர்? உடனே வரச் சொல்லுங்க."

யோகேஸ்வரியின் அழுகை நின்றது. தரையிலிருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வெள்ளத்தாய் படுத்திருந்த கட்டிலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். ராம்கி ஒயர்களை ஒட்டினான். எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். முதல் உச்சி எழுந்தது. அதன் பின்னால், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில், அந்தப் பள்ளம் வந்தது.

"யோகேஸ்வரி, பொய் மெஷின நிப்பாட்டிட்டேல்ல? இன்னொரு தடவ பாத்துரு தாயி."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"நிப்பாட்டியாச்சுண்ணே" என்றாள்.