ஈரத்துக்குப் பயந்த மூன்று வாரம்

முதல் தடவை இன்குபேட்டரில் வைத்த பன்னிரண்டு முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் முழுதாக வளர்ந்த குஞ்சு ஈரத்தில் ஊறிச் செத்துக் கிடந்தது. இன்குபேட்டருக்குள் இருக்கும் தட்டில் தண்ணீர் வற்றவே கூடாது என்று வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் ஊரில் மண்டையைப் பிளக்கும் வெயில் போல. கண்டியிலோ மூன்று வாரமாக மழை, துவைத்த துணிகூடக் காயவில்லை. ஊற்றச் சொன்னவள் நான். திட்டு வாங்கியவர் ஊற்றிய என் கணவர்.

"உங்க கையில ஜக்க குடுத்தா ஆத்தையே கொண்டாந்து ஊத்துவீங்க," என்றேன். அதற்குப் பிறகு அவர் இன்குபேட்டர் பக்கமே வரவில்லை.

இரண்டாம் தடவை விளையாட்டல்ல. தெல்தோட்டையில் இருக்கும் நாத்தனாரின் கோழிக்கூட்டை நாய்கள் பிய்த்துப் போட்டுவிட்டன. கழுத்தில் இறகே இல்லாத அவருடைய சேவலும் போயிற்று, கோழிகளும் போயின. அரிசி வாளிக்குள் எடுத்து வைத்திருந்த ஒன்பது முட்டைகள்தான் மிச்சம். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"ஒன்னாச்சும் வந்தா போதும் புள்ள. அந்த வம்சம் அத்துப்போயிறக் கூடாது," என்றார்.

இந்த முறை தட்டில் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஈரத்தை உறிஞ்ச உப்புச் சாடியில் அரிசி போடுவதுபோல, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து தட்டில் வைத்தேன். சோற்றுப்பானையின் ஆவி படாதபடி இன்குபேட்டரைப் படுக்கையறைக்கு மாற்றினேன். வாரம் ஒருமுறை ஃபோன் வெளிச்சத்தில் முட்டைக்குள் காற்றறை பெரிதாகிறதா என்று பார்த்துப் பென்சிலால் கோடு போட்டேன். கோடு ஒழுங்காகக் கீழே இறங்கியது, முட்டைக்குள் ஈரம் அளவாகவே குறைகிறது. ஆனாலும் ஈரம் காட்டும் மீட்டர் கொஞ்சம் ஏறினாலே ஓடிப்போய் அரிசியை மறுபடி வறுத்து வைப்பேன்.

பதினெட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடைசி மூன்று நாளும் ஈரம் இல்லாவிட்டால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிவிடும். எனக்குத் தெரியும். கைதான் வரவில்லை. செத்துப்போன பன்னிரண்டும் கண்ணுக்குள்ளேயே நின்றன. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு நாள் ஓடிவிட்டது.

இருபதாம் நாள் மாலை ஒரு முட்டையில் சின்ன ஓட்டை. உள்ளே அலகு அசைந்தது, கீச்சென்று சத்தமும் வந்தது. மறுநாள் மத்தியானமாகியும் ஓட்டை பெரிதாகவில்லை. ஓரத்துச் சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தது. சத்தம் குறைந்துகொண்டே போனது. நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் கதவருகே நின்றார். கையில் ஜக்கு, அதில் வெதுவெதுப்பான தண்ணீர்.

"ஊத்தவா?" என்றார், திட்டு விழுமோ என்று என் முகத்தைப் பார்த்தபடி.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "ஊத்துங்க. அன்னைக்கும் என் தப்புதாங்க."

மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, அரிசி முடிச்சை உருவி எடுத்து, ஊற்றி, உடனே மூடினார். மூடியின் கண்ணாடியில் ஆவி படர்ந்து உள்ளே எதுவும் தெரியவில்லை. இருவரும் இன்குபேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஓடு விரியும் சத்தம் கேட்டது. ஆவி விலகியபோது, நனைந்த குஞ்சு ஒன்று தலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தது.

மற்ற எட்டும் அசையாமல் கிடந்தன. ஆனால் நாத்தனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கணவர் ஃபோனை எடுத்தார்.

"அக்கா, வந்திருச்சு. அப்பன உரிச்சு வச்சிருக்கு. கழுத்துல ஒரு முடி இல்ல."

அந்தப் பக்கம் நாத்தனார் அழுவது எனக்கும் கேட்டது.